ரோஜாக் குச்சியில் வேர் பிடிக்க வைப்பது எப்படி? சமையலறைப் பொருட்களோடு ஒரு முழுமையான வழிகாட்டி

ரோஜாக் குச்சியை உருளைக்கிழங்கில் செருகினால் போதும், தேனில் தோய்த்தால் போதும், பத்தே நாளில் கொத்துக் கொத்தாக வேர் வந்துவிடும் என்று சொல்லும் வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை. நம்பி நட்டவர்கள் பலருக்குக் கடைசியில் மிஞ்சுவது அடி கறுத்துப் போன ஒரு குச்சி. அதற்காகக் கற்றாழை, மஞ்சள், பட்டை எல்லாமே ஏமாற்று என்று ஒதுக்கவும் வேண்டாம். அவற்றிடம் எந்த வேலையை ஒப்படைக்கிறோம் என்பதில்தான் சிக்கல். வேரை உண்டாக்குவது குச்சி. அந்த வேர் வரும்வரை குச்சி அழுகாமலும் காயாமலும் பார்த்துக்கொள்வது மட்டுமே சமையலறைப் பொருட்களின் வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டால் எதைப் போடலாம், எதைப் போட்டால் கெடும் என்று நாமே முடிவெடுக்கலாம்.

குச்சிக்குள் நடப்பது என்ன

வேர் விடத் தூண்டும் ஹார்மோனுக்கு ஆக்ஸின் என்று பெயர். செடியின் நுனித் துளிர்களிலும் இளம் இலைகளிலும் இது உருவாகி, தண்டு வழியாகக் கீழ்நோக்கி இறங்கும். ஓட்ஸ் நாற்றின் நுனியிலிருந்து இதைப் பிரித்தெடுத்துக் காட்டியவர் டச்சுத் தாவரவியலாளர் ஃபிரிட்ஸ் வென்ட். அவருடைய ஆய்வு 1928-ல் வெளியானது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1935-ல், ஸிம்மர்மேன், வில்காக்ஸன் என்ற இருவர் ஐபிஏ (இண்டோல் பியூட்ரிக் அமிலம் என்ற ஆக்ஸின் வகை) போன்ற பொருட்கள் வெட்டிய தண்டில் வேரைத் தூண்டுவதைக் கண்டறிந்தார்கள். இன்று டப்பாவில் விற்கும் வேர் ஊக்கிப் பொடிகளில் இருப்பது பெரும்பாலும் அதுதான்.

வெட்டிய குச்சியில் ஆக்ஸின் கீழே இறங்கி, வெட்டுவாயில் வழியில்லாமல் தேங்கும். அந்த இடத்தில் காயம் ஆறி, வெளிர்நிறத்தில் கரடுமுரடான ஒரு திசு புடைத்து வரும். கேலஸ் என்பது இதுதான். இதைப் பார்த்துவிட்டு வேர் வந்துவிட்டது என்று கொண்டாட வேண்டாம். கேலஸ் என்பது காயம் ஆறியதன் அடையாளம் மட்டுமே. வேர் அதற்கு அருகிலோ சற்று மேலே தோலைப் பிளந்துகொண்டோ, தனியாக, கொஞ்சம் தாமதமாக வரும்.

இதிலிருந்து நேரடியாக இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. ஒன்று, குச்சியைத் தலைகீழாக நட்டால் வேர் வராது, ஏனென்றால் ஹார்மோன் போகும் திசை மாறாது. இரண்டு, எல்லா இலையையும் உருவிவிட்டு மொட்டைக் குச்சியாக நடுவது நல்லதல்ல. நுனியில் ஒன்றிரண்டு இலை இருந்தால் ஹார்மோனும் கிடைக்கும், கொஞ்சம் உணவும் தயாராகும். இலை அதிகமானாலோ, வேரே இல்லாத குச்சியிலிருந்து தண்ணீர் ஆவியாகிக் குச்சி வாடிவிடும்.

எந்த ரோஜா எளிதில் வரும்

பன்னீர் ரோஜா, கொடி ரோஜா, பட்டன் ரோஜா, கொத்தாகப் பூக்கும் பழைய ரகங்கள், இவையெல்லாம் அதிகம் அடம்பிடிக்காது. முதல்முறை முயல்பவர்கள் இவற்றில் ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன்.

நீளமான காம்பில் பெரிய ஒற்றைப் பூவாக நிற்கிறதே, அந்த ஹைபிரிட் டீ வகை வேறு கதை. 1867-ல் பிரான்சில் வெளியான ‘லா ஃபிரான்ஸ்’ என்ற ரகத்தில் தொடங்கியதாகச் சொல்லப்படும் வம்சம் இது. நர்சரிகளில் இவற்றைப் பெரும்பாலும் ஒட்டுச்செடியாகத்தான் தயாரிக்கிறார்கள். ரோஸா மல்டிஃப்ளோரா போன்ற முரட்டு இனத்தின் வேர்ச்செடியில் நல்ல ரகத்தின் மொட்டை ஒட்டவைப்பார்கள். அவற்றில் பல ரகங்கள் சொந்த வேரில் அவ்வளவு வேகமாக வளராது. அதிலும் மஞ்சள் பூ ரகங்கள் பொதுவாகவே வேர் விடத் தயங்கும். முடியவே முடியாது என்பதில்லை. பத்துக் குச்சி நட்டு இரண்டு பிழைத்தால் அதுவே நல்ல கணக்கு என்ற மனநிலையோடு நடுங்கள்.

பூங்கொத்தில் வந்த ரோஜாக் காம்பை நடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நடலாம், ஆனால் வாய்ப்புக் குறைவு. அது குளிர்பதனத்தில் கிடந்து, பூவைத் தாங்கியே சக்தியை இழந்து, சில நாள் கழித்துத்தான் நம் கைக்கு வருகிறது. செடியிலிருந்து அன்றே வெட்டிய குச்சிக்கு அது ஈடாகாது. இன்னொன்று, புதிதாக உருவாக்கிப் பதிவு செய்த சில ரகங்களை அனுமதியின்றிப் பெருக்கக் கூடாது என்று பல நாடுகளில் சட்டம் உண்டு. பழைய ரகங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

குச்சியைத் தேர்ந்தெடுப்பது

என்னைக் கேட்டால் பாதி வெற்றி இங்கேயே முடிவாகிவிடுகிறது. எவ்வளவு நல்ல கற்றாழை இருந்தாலும் தவறான குச்சியைக் காப்பாற்ற முடியாது.

பூ மலர்ந்து, இதழ் உதிர்ந்த கிளையைப் பாருங்கள். அந்தக் கிளை இளசும் இல்லாமல் முற்றியும் போகாமல் சரியான பதத்தில் இருக்கும். பதம் சரிதானா என்று முள்ளை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஒரு முள்ளைப் பக்கவாட்டில் கட்டைவிரலால் தள்ளுங்கள். ‘டக்’ என்று சுத்தமாக உடைந்து, அடியில் பசுமையான நீள்வட்டத் தழும்பை விட்டால் குச்சி தயார். முள் வளைந்து, தோலோடு கிழிந்துகொண்டு வந்தால் இன்னும் இளசு, அழுகிவிடும். முள் நகரவே மாட்டேன் என்று கட்டைபோல் இருந்தால் முற்றிவிட்டது, வேர் விட ரொம்ப நாளாகும். வெட்டிய முகத்தையும் பாருங்கள். ஓரத்தில் பச்சை வளையமும் நடுவில் வெள்ளை அல்லது வெளிர்பச்சைச் சோறும் இருக்க வேண்டும். நடுவில் பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே இறங்கி வெட்டுங்கள். அங்கும் பழுப்பு என்றால் அந்தக் கிளையையே விட்டுவிடலாம்.

பருமன் பென்சில் அளவு இருந்தால் போதும். பட்டன் ரோஜாவில் அதைவிட மெலிந்திருந்தாலும் பரவாயில்லை. இலையில் கரும்புள்ளியோ சாம்பல் நோயோ இருக்கும் செடியிலிருந்து எடுக்காதீர்கள்.

கடும் வெயில் காலத்தையும் உறைபனிக் காலத்தையும் தவிர்த்தால் மற்ற நாட்களில் முயலலாம். 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் இருப்பது ரொம்ப வசதி. வெட்டுவதற்கு முந்தைய நாள் மாலை தாய்ச்செடிக்கு நன்றாகத் தண்ணீர் விட்டுவிட்டு, மறுநாள் விடிந்ததும் வெட்டுங்கள். அப்போதுதான் தண்டு நிறைய நீர் இருக்கும்.

வெட்டும் முறை

கத்தரிக்கோலைவிடச் செடி வெட்டும் கத்தரியோ கூர்மையான கத்தியோ நல்லது. மழுங்கிய கத்தரி தண்டை நசுக்கும். நசுங்கிய இடத்தில்தான் அழுகல் தொடங்கும். வெட்டும் முன் கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செடிக்கும் மாறும்போது மறுபடி துடைக்க வேண்டும்.

குச்சியின் நீளம் 15 முதல் 20 சென்டிமீட்டர், அதில் மூன்று நான்கு கணு இருக்க வேண்டும். கணு என்றால் இலை ஒட்டியிருந்த இடம், லேசாகப் புடைத்திருக்கும். அடியில் ஒரு கணுவுக்கு அரை சென்டிமீட்டர் கீழே சாய்வாக வெட்டுங்கள். மேலே ஒரு கணுவுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே நேராக வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால் வெட்டுவாய் அகலமாகும் என்பது ஒரு காரணம். எது அடி, எது நுனி என்று குழம்பாமல் இருக்கலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

வாடிய பூவையும் கீழ் இலைகளையும் நீக்குங்கள். நுனியில் இரண்டு இலை போதும். ரோஜாவின் ஒரு இலையில் ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள் இருக்கும். அவற்றில் நுனியில் உள்ளவற்றைக் கிள்ளி, இரண்டு சிற்றிலையை மட்டும் விட்டாலும் சரிதான். மண்ணுக்குள் போகும் பகுதியில் இருக்கும் முட்களையும் உடைத்துவிடுங்கள்.

அடுத்தது பலர் விட்டுவிடும் ஒரு சின்ன வேலை. அடிப்பகுதியில் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு, ஒரு பக்கம் மட்டும், மேல்தோலை மெல்லிசாகச் சீவுங்கள். உள்ளே ஈரமான பச்சை தெரிந்தால் போதும், வெள்ளைக் கட்டை வரை போக வேண்டாம். காயம் பட்ட இடம் முழுக்க வேர் வர வாய்ப்பு கூடுகிறது. தண்ணீரும் எளிதில் உள்ளே போகும்.

வெட்டிய குச்சிகளை உடனே தண்ணீரில் போட்டு வையுங்கள். தரையில் போட்டுவிட்டுத் தொட்டி தேடப் போகக் கூடாது.

சமையலறையில் இருந்து எதை எடுக்கலாம்

கற்றாழையில் இருந்து தொடங்கலாம், ஏனென்றால் வீட்டில் கிடைப்பவற்றில் என் முதல் தேர்வு அதுதான். அதன் சோற்றில் நீரைப் பிடித்துவைக்கும் வழவழப்பான பாலிசாக்கரைடுகள் இருக்கின்றன, சிறிதளவு சாலிசிலிக் அமிலமும் உண்டு. முற்றிய மடலாக ஒன்றை வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். மஞ்சளாக ஒரு பால் வடியும். அது கசப்பும் எரிச்சலும் உள்ளது, நமக்கு வேண்டாம். பிறகு தோல் சீவி, உள்ளே இருக்கும் கண்ணாடி போன்ற சோற்றைக் கரண்டியால் மசித்துக்கொள்ளுங்கள். மிக்ஸியில் அடித்தால் நுரைத்துவிடும், கையால் மசிப்பதே போதும். குச்சியின் அடிப்பகுதி மூன்று சென்டிமீட்டர் மூழ்கும்படி அரை மணி நேரம் வைத்திருந்து, அப்படியே எடுத்து நடலாம். மசித்த சோறு சில மணி நேரத்தில் நீர்த்துப் புளிக்கத் தொடங்கும். அன்றன்றைக்குப் புதிதாகச் செய்துகொள்ளுங்கள்.

தேனில் வேர் ஊக்கி எதுவும் கிடையாது. ஆனாலும் அது பயன்படுகிறது, காரணம் வேறு. தேன் இயல்பிலேயே அமிலத்தன்மை கொண்டது. தண்ணீர் சேர்ந்ததும் அதில் உள்ள ஒரு நொதி சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். கிருமிகளைத் தடுப்பது இதுதான். இந்த நொதி சூடு பட்டால் செயலிழந்துவிடும். அதனால் ‘கொதிக்கும் நீரில் தேனைக் கலக்கவும்’ என்று எங்காவது படித்தால் அதைப் பின்பற்ற வேண்டாம். தண்ணீரைக் கொதிக்கவைத்து, கை பொறுக்கும் பதத்துக்கும் கீழே ஆறவிட்டு, ஒரு கப்புக்கு ஒரு டீஸ்பூன் தேன் கலந்து, குச்சியின் அடியைப் பத்து பதினைந்து நிமிடம் நனைத்தால் போதும். கெட்டியான தேனை அப்படியே அப்பினால் அது வெட்டுவாயிலிருந்து நீரை உறிஞ்சும். மண்ணுக்குள் போனபின் சர்க்கரை எறும்பையும் பூஞ்சையையும் கூப்பிடும். மீதமான தேன்நீரை எடுத்து வைத்து மறுநாள் பயன்படுத்தக் கூடாது. நீர்த்த தேனில் கிருமிகள் நன்றாகவே வளரும்.

இலவங்கப்பட்டைத் தூளும் மஞ்சள் தூளும் காவல் வேலை மட்டுமே பார்ப்பவை. பட்டையில் உள்ள சினமால்டிஹைடு பூஞ்சையைத் தடுக்கும். மஞ்சளில் உள்ள குர்குமினுக்கும் கிருமியைத் தடுக்கும் குணம் உண்டு. இரண்டையும் சேர்க்கத் தேவையில்லை, ஒன்று போதும். வெட்டுவாயைத் தூளில் ஒருமுறை தொட்டு எடுத்து, விரலால் குச்சியைத் தட்டி மிச்சத்தை உதிர்த்துவிடுங்கள். மெல்லிய படலமாக ஒட்டியிருந்தால் சரி. கெட்டியாகப் பூசினால் அதுவே வேர் வரும் இடத்தை அடைத்துக்கொள்ளும். பட்டைத் தூளுக்கு இன்னொரு நல்ல உபயோகம், நட்டபின் மண்ணின் மேற்பரப்பில் ஒரு சிட்டிகை தூவுவது. மூடி வைத்த தொட்டியில் முதலில் வெள்ளைப் பூஞ்சை தலைகாட்டுவது அங்கேதான். மஞ்சள் தூள் வாங்கும்போது நிறம் சேர்க்காத தூளாக இருக்கட்டும்.

இளநீரைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். அதில் வளர்ச்சி ஹார்மோன்கள் இருப்பது உண்மை, திசு வளர்ப்பு ஆய்வகங்களில் பயன்படுத்துகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அதில் முக்கியமானவை ஸியாட்டின் போன்ற சைட்டோகைனின்கள். இவை துளிரைத் தூண்டும், அளவு கூடினால் வேரைத் தடுக்கும். நமக்கு இப்போது வேண்டியது வேர். போதாக்குறைக்குச் சர்க்கரை வேறு. ஆசையாக இருந்தால் நான்கு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு இளநீர் கலந்து சில நிமிடம் நனைத்து எடுங்கள். அதை மண்ணில் ஊற்றாதீர்கள்.

உருளைக்கிழங்கு? வேண்டாம். கிழங்கு ஈரத்தைத் தரும், அது மட்டும்தான் அதன் பயன். அந்த ஈரத்தை நனைந்த மணலே தந்துவிடும். மூடிய தொட்டிக்குள் கிழங்கு அழுகினால் குச்சியின் அடியையும் சேர்த்து அழுக வைக்கும். அழுகாமல் தப்பினால் கிழங்கே முளைத்து மேலே வரும். ரோஜாவுக்காகக் காத்திருந்துவிட்டு உருளைக்கிழங்குச் செடியைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. வாழைப்பழம், வாழைத்தோல், முட்டை, வெங்காயம் என்று குச்சிக்கு அடியில் எதைப் புதைத்தாலும் இதே கதைதான். வினிகரும் சமையல் சோடாவும் இளந்திசுவைச் சுட்டுவிடும். அரிசி கழுவிய தண்ணீர் வளர்ந்த செடிக்குக் கொடுக்கலாம், வேரில்லாத குச்சிக்குக் கூடாது. அதில் உள்ள மாவுச்சத்தைச் சாப்பிட வேர் எதுவும் இல்லை, பூஞ்சைதான் சாப்பிடும்.

எல்லாவற்றையும் கலந்து ஒரு ‘சூப்பர் கலவை’ தயாரிக்க வேண்டும் என்ற ஆசை வரும். தேன், கற்றாழை, மஞ்சள், பட்டை எல்லாம் ஒரே கிண்ணத்தில். பலன் கூடாது, கெட்டுப்போனால் எதனால் கெட்டது என்று தெரியவும் செய்யாது. ஒரே செடியில் வெட்டிய குச்சிகளைப் பிரித்து, சிலவற்றைக் கற்றாழையிலும் சிலவற்றைத் தேன்நீரிலும் சிலவற்றை ஒன்றுமே தோய்க்காமலும் நட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டு வெப்பத்துக்கும் உங்கள் ரகத்துக்கும் எது ஒத்துவருகிறது என்பது அதில் தெரிந்துவிடும். பிடிவாதமான ஹைபிரிட் டீக்குக் கடையில் விற்கும் ஐபிஏ பொடியைப் பயன்படுத்துவதில் தவறொன்றும் இல்லை. அதைச் சமையலறைப் பொருள் எதனாலும் முழுமையாக ஈடுகட்ட முடியாது.

மண் கலவையும் தொட்டியும்

இந்தக் கட்டத்தில் மண்ணில் சத்தே வேண்டாம். ஈரம், காற்று, வடிகால், இந்த மூன்றும் இருந்தால் போதும். சம அளவு ஆற்று மணலும் தென்னை நார்த் தூளும் கலந்தால் நல்ல கலவை. மணலைச் சலித்து, தூசி போகக் கழுவிக்கொள்ளுங்கள். கடல் மணல் உப்பு, தொடவே வேண்டாம். தென்னை நார்த் தூளிலும் சில சமயம் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டால் போய்விடும். பெர்லைட் (நர்சரிகளில் கிடைக்கும், எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்) கிடைத்தால் மணலுக்குப் பதில் அது. சாணம், மண்புழு உரம், ரசாயன உரம் எதையும் இப்போது சேர்க்காதீர்கள். கலவையின்மேல் கொதிக்கும் நீரை ஊற்றி ஆறவிட்டால் பூஞ்சையும் பூச்சி முட்டையும் பெரும்பாலும் ஒழியும்.

பழைய தயிர்க் கப், பிளாஸ்டிக் டம்ளர் எதுவாக இருந்தாலும் சரி, அடியில் நான்கைந்து ஓட்டை கட்டாயம். கண்ணாடிபோல் தெளிவான டம்ளராக இருந்தால் வேர் வருவதை வெளியிலிருந்தே பார்க்கலாம். ஆனால் வேர் வெளிச்சத்தை விரும்பாது. டம்ளரைச் சுற்றிக் காகிதத்தைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள், பார்க்க வேண்டியபோது மட்டும் கழற்றலாம். ஒரு டம்ளருக்கு ஒரு குச்சி என்பது வசதி. அழுகினால் பக்கத்துக் குச்சியைத் தொற்றாது.

குச்சியைத் தண்ணீரில் நிறுத்தியே வேர் விட வைப்பவர்களும் இருக்கிறார்கள். ரோஜாவுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். தண்ணீரில் காற்று குறைவு, அடி சீக்கிரம் வழவழத்துவிடும். தப்பித்து வேர் வந்தாலும் அது எளிதில் ஒடியக்கூடிய வேராக இருக்கும், மண்ணுக்கு மாற்றும்போது பாதி உடைந்துவிடும்.

நடுவதும் மூடுவதும்

கலவையை நனைத்து, கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வரும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். குச்சியை நேராக மண்ணில் குத்தக் கூடாது, தோய்த்த கற்றாழையும் தூளும் வழியிலேயே வழித்துக்கொண்டு போய்விடும். முதலில் ஒரு பென்சிலால் ஓட்டை போட்டு, அதில் இரண்டு கணு மறையும்படி குச்சியை இறக்கி, சுற்றி விரலால் அழுத்துங்கள். லேசாக ஆட்டினால் குச்சி ஆடக் கூடாது. அடியில் காற்று இடைவெளி இருந்தால் வெட்டுவாய் காய்ந்துவிடும். பிறகு கொஞ்சம் தண்ணீர் விட்டு, முழுவதும் வடியும்வரை வையுங்கள்.

இனி மூடி. அடி வெட்டிய பெரிய தண்ணீர் பாட்டிலோ, தெளிவான பிளாஸ்டிக் பையோ போதும். பை இலைமேல் ஒட்டாமல் இருக்கக் குச்சியைச் சுற்றி இரண்டு மூங்கில் குச்சி நட்டுக்கொள்ளுங்கள். வேரில்லாத தண்டு தண்ணீரை உறிஞ்சுவது ரொம்பக் குறைவு. அதனால் இலையிலிருந்து ஆவியாவதைத் தடுத்தாக வேண்டும். கற்றாழையோ தேனோ செய்வதைவிட இந்த அடி வெட்டிய பாட்டில் செய்வது பெரிய உதவி. எதைத் தோய்த்தோம் என்பதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

வைக்கும் இடம் நல்ல வெளிச்சமாக, ஆனால் நேரடி வெயில் படாததாக இருக்க வேண்டும். வெயில் பட்டால் மூடிக்குள் வெப்பம் சட்டென்று ஏறி, ஒரே மதியத்தில் குச்சி வெந்துவிடும். இருட்டு மூலையும் ஆகாது. புத்தகம் படிக்க விளக்குப் போடத் தேவையில்லாத வெளிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்கும் வாரங்கள்

தினமும் ஒருமுறை மூடியை எடுத்துச் சில நிமிடம் காற்று படவிடுங்கள். உள்பக்கம் பனி படர்ந்தாற்போல் இருந்தால் சரியான ஈரம். சொட்டுச் சொட்டாக வடிந்து ஓடினால் ஈரம் அதிகம், கொஞ்ச நேரம் கூடுதலாகத் திறந்து வையுங்கள். மேல்மண் காய்ந்தது போலத் தெரிந்தால் மட்டும், டம்ளரை ஒரு தட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடுங்கள். மேலே ஊற்ற வேண்டாம்.

முதல் வாரத்தில் விட்டுவைத்த இலை மஞ்சளாகி உதிரலாம். தண்டு பச்சையாக இருக்கும்வரை பதற்றம் வேண்டாம், உதிர்ந்த இலையை மட்டும் எடுத்து வெளியே போடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் கேலஸ் உருவாகும். வேர் வர நான்கு முதல் எட்டு வாரம் ஆகும், பிடிவாதமான ரகத்துக்கு இன்னும் கூடுதல். பத்து நாள் கணக்கையெல்லாம் மறந்துவிடுங்கள்.

எல்லோரும் ஏமாறும் இடம் மூன்றாவது வாரம். கணுவில் சிவப்பாகத் துளிர் கிளம்பும், இரண்டு குட்டி இலைகூட விரியும். ஆஹா, பிடித்துவிட்டது என்று மூடியை எடுத்துவிடுவார்கள், வெயிலில் வைப்பார்கள், அல்லது வேர் வந்திருக்கிறதா என்று பிடுங்கிப் பார்ப்பார்கள். குச்சி தன் தண்டில் சேமித்து வைத்திருந்த மாவுச்சத்தைக் கொண்டே துளிர் விடும். அதற்கு வேர் தேவையில்லை. சேமிப்பு தீர்வதற்குள் வேர் வந்தால் பிழைக்கும், வராவிட்டால் அந்தத் துளிர் ஒரு நாள் தலை தொங்கிவிடும். அதனால் துளிரைக் கண்டாலும் மூடியை எடுக்காதீர்கள். துளிர் தொடர்ந்து வளர்ந்து, நான்கைந்து இலை விரிந்து, அவை கெட்டிப்பட்டு நின்றால்தான் கீழே வேர் இருக்கிறது என்று நம்பலாம். குச்சியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள். மண்ணோடு பிடித்துக்கொண்டு வர மறுத்தால் வேர் இருக்கிறது.

உயிர் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் மேல்பகுதியில் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பச்சை தெரிந்தால் காத்திருக்கலாம். நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து வந்தால், பச்சை வரை வெட்டிவிட்டுத் தொடரலாம். அடியிலிருந்து மேல்நோக்கிக் கறுத்து வந்தால் தயங்காமல் எடுத்து எறியுங்கள், அந்த மண்ணையும் சேர்த்து. மேலே ஒரு துளிர் பச்சையாக இருக்கிறதே என்று பரிதாபப்பட்டு வைத்திருப்பதால் பயனில்லை. இலையில் சாம்பல் நிறப் பஞ்சு போல் படர்ந்தால் அந்த இலையைக் கிள்ளி எறிந்துவிட்டு, மூடியைத் தினமும் கூடுதல் நேரம் திறந்து வையுங்கள்.

தொட்டி மாற்றுவது

வேர் வந்ததும் அவசரப்பட வேண்டாம். வேர்கள் மூன்று நான்கு சென்டிமீட்டராவது நீண்டு, இளவெள்ளையாக டம்ளரின் ஓரத்தில் தெரியட்டும். முதலில் மூடிக்குப் பழகிய செடியை வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரம் திறப்பு, பிறகு இரண்டு, பிறகு அரை நாள் என்று ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். இலை வாடினால் மறுபடி மூடிவிட்டு, அடுத்த நாள் தொடருங்கள்.

பிறகு சுமார் 15 சென்டிமீட்டர் அகலத் தொட்டிக்கு மாற்றலாம். நேராகப் பெரிய தொட்டிக்குப் போனால், குட்டி வேர் உறிஞ்ச முடியாத அளவு ஈரம் அதில் தேங்கி நிற்கும். இப்போது தோட்ட மண், மக்கிய உரம், மணல் மூன்றும் சம அளவில் கலந்துகொள்ளலாம். டம்ளரைக் கத்தரியால் வெட்டி விரித்து, மணல் உருண்டை உடையாமல் அப்படியே இறக்குங்கள். வேரை உதறவோ கழுவவோ கூடாது, புது ரோஜா வேர் சட்டென்று ஒடியும். மாற்றியபின் ஒரு வாரம் நிழல், அடுத்த வாரம் காலை வெயில் மட்டும், அதன்பிறகு மெல்ல மெல்ல முழு வெயில்.

உரம் கொடுப்பது தொட்டி மாற்றி மூன்று நான்கு வாரம் கழித்துத்தான், அதுவும் பாதி வீரியத்தில். சமையலறைக் கழிவுகளுக்கு இங்கே வேலை உண்டு, ஆனால் மக்க வைத்தபின். வாழைத்தோலைப் பச்சையாகப் புதைத்தால் பூச்சிதான் வரும். முட்டை ஓட்டை நைஸாகப் பொடித்தாலும் அதன் சுண்ணாம்பு மெதுவாகத்தான் கரையும், அடுத்த பூவுக்கு அது உதவும் என்று எதிர்பார்க்காதீர்கள். டீத்தூளில் பாலும் சர்க்கரையும் இருந்தால் அலசிவிட்டு உரக்குழியில் போடுங்கள்.

முதலில் வரும் மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள். மனசு கேட்காது, ஆனாலும் கிள்ளத்தான் வேண்டும். ஒரு பூவை மலர்த்துவதற்கு ஆகும் உணவில் அந்தச் சின்னச் செடி இன்னும் கொஞ்சம் வேரும் இரண்டு கிளையும் விட்டுக்கொள்ளும். மூன்று நான்கு நல்ல கிளை வந்தபிறகு பூக்க விடலாம்.

ஒட்டுச்செடி வளர்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் ஒட்டுக்குக் கீழே அடியிலிருந்து கிளம்பும் கிளையைப் பார்த்ததும் வெட்டுவோம், அது வேர்ச்செடியின் காட்டு ரோஜா என்பதால். குச்சியிலிருந்து வளர்ந்த இந்தச் செடியில் அப்படி வெட்டிவிடாதீர்கள். அடியிலிருந்து, மண்ணுக்குள்ளிருந்துகூட, எந்தக் கிளை வந்தாலும் அது நீங்கள் நட்ட அதே ரகம்தான். நல்ல பருமனோடு வரும் அந்தக் கிளைகளில்தான் அடுத்த பருவப் பூக்கள் அதிகம் வரும்.